ஸ்டார்ட்அப்பின் முதல் வருடம்: கொப்பி, பற்று, பங்கு

வெற்றிபெற்ற தொழில்முனைவோரின் பழக்கங்கள் என்றதும் அதிகாலை நாலு மணிக்கு எழும்புவதையும் புத்தகம் வாசிப்பதையும்தான் பலரும் சொல்வார்கள். எழும்புங்கள், வாசியுங்கள், நட்டமில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று பேராகத் தொடங்கும் மென்பொருள் முயற்சிகள் பெரும்பாலும் கவிழ்வது கடைக்காரரிடம் கேட்காமல் விட்டதாலும், கணக்கை எழுதாமல் விட்டதாலும். கடைகளுக்குப் பில் போடும் செயலி ஒன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கோட் எழுத முதல் கடைக்குப் போக வேண்டும். போய், "இப்பிடி ஒரு ஆப் செய்தால் வாங்குவீங்களோ?" என்று கேட்டால் எங்கட ஊரில் ஒரே பதில்தான்: "நல்ல விஷயம் தம்பி, செய்யுங்கோ." முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல ஆருக்கும் மனம் வராது. அந்தப் பதிலை நம்பித்தான் பலர் மாதக்கணக்கில் கோட் எழுதுகிறார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: "போன கிழமை கணக்குப் பார்க்க எவ்வளவு நேரம் போனது? பற்றுக் கொப்பியை ஒருக்காப் பார்க்கலாமோ, அண்ணை?"

ஒரு ஹாட்வெயார் கடையில் கடன் எழுதும் பற்றுக் கொப்பியைத் திறந்தால் நிலைமை விளங்கும். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் "மேசன் சிவா", இன்னொரு பக்கத்தில் "சிவா கோண்டாவில்", கடைசியில் வெறும் "சி". பாதிக் காசு கட்டிய இடத்தில் திகதி இல்லை. குறுக்கே வெட்டிவிட்ட வரியைப் பார்த்தால், அது கட்டி முடிந்த கடனா, பிழையாக எழுதியதா என்று முதலாளிக்கே தெரியாது. அவருக்கு நோகிற இடம் கடன். பில் போடுவதை அவர் கல்குலேட்டரிலேயே சமாளிக்கிறார். பத்துப் பதினைந்து கடை ஏறி, ஐந்து கடையிலாவது இதே நோவைக் கண்டால் மட்டும் மேலே போகலாம். அப்போதும் முதலில் தேவைப்படுவது கூகுள் ஷீட்டும் வாட்ஸ்அப்பும்தான். கொப்பியில் உள்ளதை நீங்களே இருந்து ஷீட்டில் ஏற்றிக் கொடுங்கள். 2009இல், வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் இணையத்தளமான ஏர்பிஎன்பியின் நிறுவனர்கள் நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய் அறைகளைத் தாங்களே படம் எடுத்ததும் இதே வகை வேலைதான்.

பிறகு 2,000 ரூபாய் முற்பணம் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும். முற்பணம் தராதவரை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மாதச் சந்தா வைத்தால் "அடுத்த மாதம் பாப்பம்" என்பது வழமையாகிவிடும். முதலாளியே கடனுக்கு விற்பவர். உங்கள் சந்தா 2,500 ரூபாய் என்றால், அவர் காசு கொடுக்கும் வரிசையில் அது கடைசி. மூன்று மாதத்துக்கு முன்கூட்டி வாங்கி, கொஞ்சம் கழிவு கொடுப்பது நல்லது. காசு கேட்கக் காலையில் போங்கள். கொழும்பு ஏஜன்ட் வந்து சாமான் காசு வாங்கிப் போன பின்னேரத்தில் லாச்சி வெறுமையாகத்தான் இருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் புதிய வெர்சன் போடாதீர்கள். கடை நிரம்பிய நேரத்தில் செயலி ஒருமுறை நின்றால் முதலாளி மறுபடி கொப்பிக்குத்தான் போவார்.

ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் காசுக் கணக்குக்கு. எழுத வேண்டியது மூன்று எண்: கையிருப்பு, மாதச் செலவு, உண்மையில் வந்து சேர்ந்த காசு. கையில் 900,000, செலவு 150,000, வரவு 30,000 என்றால் மாதம் 120,000 கரைகிறது. ஏழரை மாதம் தாக்குப்பிடிக்கலாம். "தருவார்கள்" என்ற காசை இதில் சேர்த்தால் முழுக் கணக்கும் பொய். நிறுவனர்கள் சம்பளம் எடுக்காவிட்டாலும் பெற்றோல், டேட்டா, சாப்பாடு எல்லாம் செலவில் வர வேண்டும். சேர்வருக்கு டொலரில் கட்டுபவர்கள் அதைத் தனி வரியில் எழுதுங்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியது.

முதல் ஊழியரை எடுக்கும்போது பலர் சறுக்குவது இங்கே. சம்பளம் 60,000 என்றால் உங்களுக்குச் செலவு 69,000: ஊழியர் சேமலாப நிதிக்கு 12% (7,200), ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3% (1,800). ஊழியரின் பங்கான 8%, அதாவது 4,800, அவருடைய சம்பளத்தில் கழியும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும்.

தனிப் பெயரில் வியாபாரப் பதிவு எடுப்பது சுலபம், பிரதேச செயலகத்தோடு முடியும். ஆனால் அதில் பங்கு பிரிக்க முடியாது, தொழிலின் கடன் உங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் வரும். கூட்டாளி இருந்தால் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதிவதே பாதுகாப்பு. பங்குதாரர் ஒருவர், பணிப்பாளர் ஒருவர் போதும். கம்பனிச் செயலாளர் கட்டாயம். பெயருக்கு ஒன்லைனில் அனுமதி எடுத்த பின் படிவம் 1, 18, 19, அமைப்பு விதிகள் என்று போகும். வருடாந்த அறிக்கையை மறந்துவிடாதீர்கள்.

பங்கைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டு, ஒருவர் ஆறாம் மாதம் கனடா போய்விட்டால்? பங்கு நாலு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர வேண்டும், முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றுமில்லை என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். லண்டன் மாமாவின் காசும் அப்படியே. கடனா, பங்கா என்று ஒரு தாளில் இல்லாவிட்டால், பிறகு கலியாண வீட்டில் வைத்துத்தான் அது பேச்சுக்கு வரும். 1996இல் தொடங்கிய சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் வெளி முதலீட்டாளர் இல்லாமலே வளர்ந்தது. வாடிக்கையாளர் காசில் நடத்துவது மெதுவானாலும் ஆருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

"இன்னும் அரசாங்க வேலை ஒண்டும் சரிவரேல்லையோ?" என்ற கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். அதற்காக ஓடுவதும் பிழை, அந்த ரோசத்தில் இழுத்துக்கொண்டே போவதும் பிழை. எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே எழுதுங்கள்: "நவம்பர் 30க்குள் காசு கட்டும் கடை 20 ஆகாவிட்டால், அல்லது கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனால், நிறுத்துவோம்." இரண்டு மாதக் காசு ஏன் மிஞ்ச வேண்டும் என்றால், மூடுவதற்கும் செலவு உண்டு. கடைசிச் சம்பளம் கொடுக்க வேண்டும், பாவிக்காத சந்தாவைத் திருப்ப வேண்டும், ஒவ்வொரு கடையின் பற்றுக் கணக்கையும் எக்செல் கோப்பாக எடுத்து, அச்சடித்த பிரதியோடு முதலாளியின் கையில் கொடுக்க வேண்டும்.