ரூமில் பாடுகிறது, ஹாலில் பாடவில்லை

அப்பா கோயிலில் பாடிய பதிகங்களும், எங்கள் பிறந்தநாள்களுக்கு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அவர் பேசிப் பதிந்தவையும் 43 கேசட்டுகளாக வீட்டில் இருந்தன. அவர் போன பிறகு அத்தனையையும் ஓடவிட்டு, கணினியில் பதிந்து, கோப்புகளாக்கினேன். பல வார இறுதிகள் அதற்கே போயின. ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி ஒன்றை வாங்கி, அதில் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எல்லாவற்றையும் அதில் ஏற்றினேன். அதுதான் எங்கள் வீட்டுப் பாட்டு சர்வர். அம்மாவின் ஐஃபோனில் அதற்கான ஆப் இருக்கிறது. மாலையில் விளக்கேற்றியதும் ஹாலில் சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் குரலைக் கேட்பார். எங்கள் வீட்டில் அது ஒரு பூஜை போலவே ஆகிவிட்டது.

போன மாதம் இணையத் திட்டத்தை 10 ஜிபிபிஎஸுக்கு மாற்றினோம். டெக்னீஷியன் வந்து ஹாலில் புதுப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே ஒரு மாலை அம்மா கூப்பிட்டார். “தம்பி, அப்பா பாட்டு வரலப்பா. சர்வர் கிடைக்கலைன்னு சொல்லுது.”

என் அறையில் இருந்த என் ஆண்ட்ராய்டு போனில் பார்த்தேன், பாடியது. அதனால் கோளாறு அம்மாவின் போனில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். போனை அணைத்துப் போட்டேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன். ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன். (இதைச் செய்யாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டுவிடலாம். முறையாக ஷட் டவுன் செய்த பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும்.) இரவு பதினொன்றரை வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

படுக்கப் போகும்போது அம்மா சொன்னதுதான் முடிச்சை அவிழ்த்தது. “நேத்து வரைக்கும் ரூம்ல பாடிச்சே. ஹால்ல மட்டும்தானே பாடல.”

இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்ற கேள்விக்குப் பதில் தெரிவதற்குள் எதையும் அழிக்கக் கூடாது.

எங்களுடையது சிங்கப்பூரில் செங்காங் வட்டாரத்தில் நான்கறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு. ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவில் பாம் ஷெல்டர் இருக்கிறது. 1997இல் சட்டம் வந்த பிறகு கட்டிய வீடுகளில் இருக்குமே, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக, அந்த அறைதான். ஹாலில் இருக்கும் வைஃபை அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் உயிர் போய்விடும். அதனால் நடைபாதையில் முன்பே ஒரு ரௌட்டர் வைத்திருந்தேன். சர்வரும் கேபிள் வழியாக அதில்தான் மாட்டியிருந்தது. புதுப் பெட்டி வந்ததும் பழைய ரௌட்டரின் கேபிளை அதன் பின்னால் செருகிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஹாலில் ஒரு வைஃபை பெயர், அறைகளில் ஒரு வைஃபை பெயர். அம்மாவின் போனுக்கு இரண்டும் தெரியும், எது பலமாக இருக்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளும்.

மறுநாள் காலை போன் செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தைத் தொட்டு, ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தப் போனுக்குக் கொடுக்கப்பட்ட எண்ணை, பார்த்தேன். ஹாலில் அம்மாவின் போன் 192.168.1.34. என் அறையில் என் போன் 192.168.50.21. சர்வர் 192.168.50.12. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: ஒன்றுக்கு 1, மற்ற இரண்டுக்கும் 50. ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெட்டியும் ஒரு ரௌட்டர், அதன் பின்னால் என் பழைய ரௌட்டரும் ஒரு ரௌட்டர். ஒவ்வொன்றும் தன் ஆட்களுக்குத் தனியாக முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்படி ரௌட்டருக்குப் பின்னால் ரௌட்டர் இருந்தால், உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. வெளியிலிருந்து யாரும் நுழைந்துவிடாமல் காப்பது ரௌட்டரின் வேலை, அதை அது ஒழுங்காகச் செய்தது. பாவம், அதன் கணக்கில் ஹாலில் உட்கார்ந்திருந்த அம்மாவும் வெளி ஆள்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆப் சர்வரைத் தானாகத் தேடும்போது நெட்வொர்க் முழுவதும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது. ஜெல்லிஃபினில் அது யூடிபி 7359 என்ற போர்ட் (வாசல் எண்) வழியாகப் போகிறது. “ஜெல்லிஃபின் சர்வர் யார்?” என்பதுதான் அந்தச் செய்தியே. சர்வர் அதைக் கேட்டு, “நான்தான், என் முகவரி இது” என்று பதில் சொல்லும். இந்தக் கூப்பாடு எந்த ரௌட்டரையும் தாண்டாது. முகவரி தெரிந்து நேராகப் போவது வேறு, இப்படிக் கூவிக் கண்டுபிடிப்பது வேறு. ஆப்போ இரண்டுக்கும் சேர்த்து “சர்வர் கிடைக்கவில்லை” என்ற ஒரே வரியைத்தான் காட்டும். இரண்டையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு வழி புலப்பட்டது.

சரி, இரண்டு நெட்வொர்க்கை ஒன்றாக்க வேண்டும். பழைய ரௌட்டரின் செட்டிங்ஸில் அக்செஸ் பாயின்ட் மோடு என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டால் அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, வைஃபையை மட்டும் பரப்பும். போட்டேன். இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்தேன்.

இப்போது என் போனிலும் பாட்டு நின்றுவிட்டது!

கொஞ்சம் பதறித்தான் போனேன். ஆனால் காரணம் நேரானதுதான். சர்வரின் முகவரி மாறாமல் இருக்கட்டும் என்று 192.168.50.12ஐ நானே முன்பு அதற்குள் எழுதி வைத்திருந்தேன். மற்ற எல்லாப் பொருளும் 192.168.1 வரிசைக்குக் குடிபெயர்ந்துவிட்டது, சர்வர் மட்டும் பழைய எண்ணோடு தனியாக நின்றது. உள்ளே போய் மாற்றலாம் என்றால் அதைத் தொடவே முடியவில்லை. டிவியில் மாட்டிப் பார்க்கலாம் என்றால் ராஸ்பெர்ரி பை 4க்கு மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும், வீட்டில் அது இல்லை. சனிக்கிழமை மின்னணுப் பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் வாங்கி வரலாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு அக்கா மகன் முகாமிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தேசிய சேவையில் இருக்கிறான், பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் படித்தவன். சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டான். “கேபிள் எதுக்கு மாமா? அது நம்மகிட்ட வரமாட்டேங்குது, அவ்வளவுதானே. நாம அதுகிட்டப் போவோம்.”

கை கழுவிவிட்டு வந்து என் மடிக்கணினியின் நெட்வொர்க் செட்டிங்ஸில் தானியங்கி முகவரியை எடுத்துவிட்டு, 192.168.50.5 என்று கையால் எழுதினான். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. பிறகு சர்வரை பிங் செய்தான், அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தான், உடனே பதில் வந்தது. கேபிளும் வைஃபையும் இப்போது ஒரே வலையாக இருப்பதால், சர்வரின் வரிசையில் ஒரு முகவரியை நாம் போட்டுக்கொண்டால் அதோடு பேசலாமாம். இந்த ஒரு வித்தை தெரியாததால் நான் மூன்று நாள் சும்மா இருந்தேன். முகவரி சிக்கிக்கொண்ட எந்தப் பெட்டிக்கும், அச்சு இயந்திரமோ கேமராவோ, இதைச் செய்து பார்க்கலாம்.

இன்னொரு கணினிக்குள் தூரத்திலிருந்தே நுழைந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போனோம். இங்கே எனக்கு அரை மணி நேரம் வீணானது. பழைய குறிப்பைப் பார்த்து, முன்பு முகவரியை எழுதி வைக்கும் டிஎச்சிபிசிடி என்ற கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். 2023இல் வந்த புக்வோர்ம் என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து ராஸ்பெர்ரி பையில் முகவரி வேலையை நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள்தான் பார்க்கிறது. அந்தப் பழைய கோப்பில் என்ன எழுதினாலும் அது கண்டுகொள்ளாது. நெட்வொர்க் மேனேஜரில் நான் எழுதி வைத்திருந்த முகவரியை நீக்கிவிட்டு, தானாகப் பெற்றுக்கொள் என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்தோம். புதுப் பெட்டியின் பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வரைத் தேடிப் பிடித்து, இதற்கு எப்போதும் 192.168.1.20 கொடு என்று ஒதுக்கிவிட்டோம். மாறாத முகவரி வேண்டுமென்றால் இதுதான் நல்ல வழி என்று இப்போது தெரிகிறது. சர்வருக்குள் எழுதாமல் ரௌட்டரில் எழுதினால், அடுத்த முறை பெட்டி மாறும்போது இந்தத் தனித்தீவு நிலைமை வராது.

அடுத்தது போனின் ப்ரௌசரில் சோதனை. எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருவி இதுதான். ஆப்பைத் திறக்கும் முன் ப்ரௌசரில் முகவரியை அடித்துப் பார்க்க வேண்டும். முன்னால் எச்டிடிபி என்று முழுதாக எழுதி (எஸ் சேர்க்காமல்), முகவரிக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து ஜெல்லிஃபினின் போர்ட் எண்ணான 8096. முன்பகுதியை விட்டுவிட்டால் சில ப்ரௌசர்கள் தாமாகவே எஸ் சேர்த்துக்கொண்டு, பக்கம் இல்லை என்று சொல்லிவிடும். இப்படி அடித்து ஜெல்லிஃபினின் முகப்பு வந்துவிட்டால் சர்வர் உயிரோடு இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. அதற்கு மேல் கோளாறு ஆப்புக்கும் போனுக்கும் நடுவில்தான்.

என் போனின் ப்ரௌசரில் வந்தது. ஆப்பில் தேடினால் சர்வரின் பெயரும் பட்டியலில் வந்தது. பெயரைத் தொட்டால் மட்டும் இணைக்க முடியவில்லை என்றது. கூவினால் பதில் வருகிறது, போனால் ஆள் இல்லை. மருமகன்தான் யோசித்துச் சொன்னான்: “பதில்ல எந்த முகவரியைச் சொல்லுதுன்னு பார்க்கணும் மாமா.”

என் சர்வரில் ஜெல்லிஃபின் டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது மென்பொருளைத் தனியாக அடைத்து ஓடவிடும் ஒரு டப்பாவுக்குள், ஓடுகிறது. கன்டெய்னருக்கென்று உள்ளே ஒரு தனி முகவரி இருக்கும், 172இல் தொடங்கும். கூவி வருபவர்களுக்கு அதைச் சொன்னால் யாரும் வந்து சேர முடியாது. அதனால் கன்டெய்னரின் அமைப்புகளை எழுதி வைக்கும் டாக்கர் கம்போஸ் கோப்பில், ‘பப்ளிஷ்ட் சர்வர் யூஆர்எல்’ என்று முடியும் ஒரு வரியில் வீட்டு முகவரியை எழுதி வைப்பார்கள். நானும் எழுதியிருந்தேன், பழைய 192.168.50.12ஐ. எங்கெல்லாம் அந்த எண் எழுதியிருக்கிறது என்று கோப்பு முழுவதும் தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை.

மாற்றினேன், கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் பழைய முகவரி. வெறும் ரீஸ்டார்ட் கொடுத்தால் டாக்கர் அந்தக் கோப்பை மறுபடி படிப்பதில்லை. ‘டாக்கர் கம்போஸ் அப்’ கொடுத்தால்தான் புது வரியோடு கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கும். கொடுத்தேன். என் போனில் பெயரைத் தொட்டதும் பாட்டுப் பட்டியல் திறந்தது.

மிச்சம் அம்மாவின் ஐஃபோன். சஃபாரியில் முகப்பு வருகிறது. ஆப்பில் அதே முகவரியை எழுத்துக்கு எழுத்து சரியாக அடித்தாலும் சர்வர் இல்லை என்கிறது. சர்வரும் சரி, வழியும் சரி. அப்படியென்றால் போனே ஆப்பைத் தடுக்கிறது.

2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பொருள்களோடு பேச ஒவ்வொரு ஆப்பும் அனுமதி கேட்க வேண்டும். முதல் இரவு ஆப்பை அழித்து மறுபடி போட்டேன் இல்லையா, அப்போது அந்தக் கேள்வி புதிதாக வந்திருக்கிறது. அம்மா ‘அனுமதிக்க வேண்டாம்’ என்று அழுத்தியிருக்கிறார். அவரைக் கேட்டேன். “நீதானேப்பா சொன்ன, தெரியாத கேள்வி வந்தா வேண்டாம்னு அழுத்துங்கன்னு.”

ஆமாம், நான்தான் சொன்னேன். இங்கே வயதானவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடிகளுக்குப் பயந்து, அவர் போனில் ஸ்கேம்ஷீல்ட் என்ற மோசடித் தடுப்பு ஆப்பைப் போட்டுக் கொடுத்த அன்று சொன்னது. அம்மா அதை அப்படியே கடைப்பிடித்தது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்லப் போவதில்லை. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் லோக்கல் நெட்வொர்க் என்று இருக்கிறது. அதில் ஆப்பின் பெயருக்கு எதிரே இருந்த பொத்தானை நானே நகர்த்திவிட்டேன்.

ஹாலில் அப்பாவின் தொண்டைச் செருமல் கேட்டது. ஒவ்வொரு கேசட்டிலும் பாடுவதற்கு முன் அவர் செருமுவார். பதியும்போது அதை நான் வெட்டவில்லை. மருமகன் தாத்தா பாடி நேரில் கேட்டதில்லை, தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. “இரு, ரூமுக்குப் போறேன், நிக்குதான்னு பார்க்கலாம்” என்று போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். ஷெல்டர் கதவைத் தாண்டி நடைபாதையில் திரும்பினார். நாங்கள் இரண்டு பேரும் ஹாலிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். உள்ளே அம்மாவின் கட்டில் சத்தம் கேட்டது. அப்பா பாடிக்கொண்டேயிருந்தார்.