இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை

எங்கள் வீட்டு வைஃபை நீண்ட காலமாகச் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. மூன்று மடிக்கணினிகள், மூன்று பேர், எல்லோருடைய முறைப்பாடும் ஒன்றுதான்: “வைஃபை வேலை செய்யவில்லை.” அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் ஒளிந்திருந்தன என்பதும், அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எந்த வைத்தியமும் பலிக்காது என்பதும் பின்னர்தான் தெளிவாகின. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவலாம் என்பதால், நாங்கள் போன வழியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வீடு கிளிநொச்சிக்குத் தெற்கே, முறிகண்டிப் பக்கமாக, ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இருக்கிறது. மீள்குடியேற்றத்தின் பின்னர் கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடு. சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை, ஏறத்தாழ 550 சதுர அடி. பிற்பாடு வளவின் பின்புறத்தில் தகரக் கூரையும் தகர அடைப்பும் கொண்ட ஓர் அறையைத் தனியாக எழுப்பினோம். நெல் ஆலைகளுக்குக் கணக்கு எழுதும் என் வேலை அந்த அறையில்தான் நடக்கிறது. மனைவி ஆசிரியை. அறிவியல்நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படிக்கும் பெறாமகளும் எங்களோடுதான் இருக்கிறாள். கண்ணாடியிழை இணைப்பு எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. ஆதலால் சிம் போட்டுப் பாவிக்கும் 4ஜி ரவுட்டர் ஒன்று விறாந்தைப் பக்க மண்டபத்தில் இருக்கிறது. தகரத்தை ஊடுருவி அலை வராது என்பதால், பின்னறைக்கென்று பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி, மண்டபத்து ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து, ஒரு தொழில்நுட்பப் பொடியன் பொருத்தித் தந்திருந்தான். இந்த இரண்டாவது ரவுட்டரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோளாறு தொடங்கியதும் நாங்கள் செய்தவை எல்லோரும் செய்பவைதான். ரவுட்டரை நிறுத்திப் போட்டோம். சேவை வழங்குநரின் உதவி எண்ணை அழைத்தபோது அவர்களும் அதையே சொன்னார்கள். நகரத்துக் கடையொன்றில் மனைவியின் கணினிக்கு விண்டோஸைப் புதிதாக ஏற்றித் தந்தார்கள்; காசு போனதே தவிர நிலைமை மாறவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளைத் தேடினால், அயல் வீடுகளின் வைஃபையோடு மோதாதபடி அலைவரிசையை மாற்றுங்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார்கள். அது மாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்களுக்கு எழுதப்பட்ட புத்திமதி. எங்கள் வளவிலிருந்து பார்த்தால் அயல் வீட்டு வைஃபை ஒன்று, அதுவும் ஒற்றைக் கோட்டில், இடைக்கிடையே தெரியும். மோதலுக்கு இங்கே ஆளில்லை.

விடுமுறையில் நின்ற பெறாமகள்தான் இதை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினாள். “பெரியப்பா, முதலில் ஒன்றையும் மாற்றாதையுங்கோ. எந்த நேரம், எந்த லப்டொப், என்ன சொல்லிச்சுது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கோ, அது காணும்,” என்றாள். அதோடு, கணினியின் கட்டளைச் சாளரங்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரவுட்டரின் முகவரியான 192.168.8.1க்கும், மற்றதில் வெளியுலகிலுள்ள 8.8.8.8க்கும் இடைவிடாமல் பிங் ஓடவிட்டாள். பிங் என்பது ஒரு சிறு தரவுத் துணுக்கை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று காட்டும் கட்டளை. அதன் பின்னால் ஒரு கோடும் ‘டி’ எழுத்தும் சேர்த்தால், நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டிருக்கும். முதற் சாளரம் தடைப்பட்டால் கோளாறு வீட்டுக்குள், கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையே இருக்கிறது. முதற் சாளரம் ஓட இரண்டாவது மட்டும் தடைப்பட்டால், கோளாறு ரவுட்டருக்கு அப்பால். மூலையில் தெரியும் நான்கு கோடுகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதேயில்லை. அவை கணினிக்கும் அது இணைந்திருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான பலத்தை மாத்திரம் காட்டுகின்றன. அக்கோடுகளை நம்பியே பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

மாலை நேர மந்தம் உடனேயே பிடிபட்டது. இரவு ஏழு மணிக்குப் பின்னர் மனைவி பாடக் குறிப்புகளை ஏற்றும்போது, ரவுட்டருக்கான பதில் மூன்று நான்கு மில்லிசெக்கனில் வந்துகொண்டிருக்க, வெளியே போன துணுக்குகள் திரும்பாமலே போயின. ஆகவே அது வைஃபைக் கோளாறே அல்ல. ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, கைத்தொலைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலையின் பலம் ஆர்எஸ்ஆர்பி என்ற பெயரில் மறை எண்ணாகக் காட்டப்பட்டிருந்தது; −80 அளவில் இருந்தால் மிக நன்று, −110ஐ நெருங்கினால் மோசம். எங்களது −109. ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, ஏ9 பக்கத்து யன்னலோரம் உயரமாக வைத்ததும் −97க்கு வந்தது. அதனால் ஓரளவு முன்னேற்றம் கிடைத்தது. எஞ்சியிருப்பது, அந்த ஒரு கோபுரத்தை மாலையில் ஊர் முழுக்கப் பங்கிட்டுக்கொள்வதால் வரும் நெரிசல்.

என் கணினியின் கதை வேறு. அது பகலிலும் அறுபட்டது. அப்போது முதற் சாளரமே தடைப்பட்டது. விண்டோஸ் 10 முதற்கொண்டு உள்ள கணினிகளில், கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து ‘நெட்ஷ் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால், கடந்த மூன்று நாட்களில் வைஃபை எப்போது இணைந்தது, எப்போது, என்ன காரணத்தால் அறுந்தது என்பதை வரைபடத்தோடு ஓர் அறிக்கையாகத் தரும். கட்டணம் வாங்கும் எந்த மென்பொருளையும் விட இது எனக்குப் பிரயோசனப்பட்டது. அறிக்கையிலுள்ள சிவப்புக் குறிகளை என் கொப்பியோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலான அறுதல்கள் நான் கணக்குக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்த நேரங்களோடு பொருந்தின. அதே நேரங்களில் கம்பியில்லா மவுஸும் தயங்கித் தயங்கி நகர்ந்தது நினைவுக்கு வந்தது. அந்த ஹார்ட் டிஸ்க் யூஎஸ்பி 3.0 வகை. யூஎஸ்பி 3.0 கேபிள்களிலும் இணைப்பிகளிலும் தரவு ஓடும்போது கசியும் இரைச்சல், வைஃபை இயங்கும் அலைப் பட்டைகளுள் ஒன்றான 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் விழுந்து, அப்பட்டையில் இயங்கும் கம்பியில்லாச் சாதனங்களைக் குழப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது. என் கணினி பழையது, அதற்கு 2.4 பட்டையைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெறாமகளின் கணினி 5 கிகாஹேர்ட்ஸில் இயங்குவதால், அதே டிஸ்க்கை அதில் செருகியபோது ஒன்றும் நடக்கவில்லை. டிஸ்க்கை நீளமான, நல்ல கவசமுள்ள கேபிளில் கணினியிலிருந்து தள்ளி வைத்ததோடு அது தீர்ந்தது. அவசரத்துக்கு யூஎஸ்பி 2.0 துளையில் செருகுவதும் போதும்; பிரதி எடுக்கக் கூடிய நேரமாகும், அவ்வளவே.

டிஸ்க் இணைக்காத வேளைகளிலும் ஓரிரு அறுதல்கள் எஞ்சியிருந்தன. டிவைஸ் மனேஜரில் வைஃபை அட்டையைத் திறந்து, பவர் மனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை நிறுத்திவைக்கலாம் என்ற பொருள்பட இருக்கும் கட்டத்தின் சரியை எடுத்துவிட்டதும் அவையும் நின்றன. சில புதிய கணினிகளில் இந்தப் பகுதியே காணப்படாது.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது மூன்றாவது கோளாறுதான். கோடுகள் நான்கும் நிறைந்திருக்கும். இணைந்திருக்கிறது என்றும் காட்டும். ஆனால் அதற்குக் கீழே “இணையம் இல்லை” என்று இருக்கும். இது ஒரு கணினிக்கு மட்டும் உரியதாகவும் இல்லை, ஓர் இடத்துக்கு மட்டும் உரியதாகவும் இல்லை. மண்டபத்தில் இருவர் அருகருகே இருந்து வேலை செய்கையில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. நிறுத்திப் போட்டால் சில வேளை சரியாகும், சில வேளை ஆகாது. கொப்பியில் ஒன்று மாத்திரம் திரும்பத் திரும்பத் தெரிந்தது: மின்சாரம் நின்று வந்ததன் பின்னர் இது கட்டாயம் நிகழ்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இடி மின்னலோடு மின்சாரம் போய் வருவது வன்னியில் புதினமல்ல. ஆகவே அந்த மாதங்களில் இந்தக் கோளாறும் நிரந்தர விருந்தாளியாக இருந்தது. மின்னழுத்தம் ரவுட்டரைக் கெடுத்துவிட்டது என்றே அயலில் எல்லோரும் தீர்ப்பு வழங்கினார்கள்.

அடுத்த முறை அது நேர்ந்தபோது பெறாமகள் எதையும் நிறுத்திப் போடாமல், கணினியின் வலையமைப்பு முகவரியைக் காட்டும் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையை ‘ஆல்’ என்ற சொல்லையும் சேர்த்து இரண்டு கணினிகளிலும் கொடுத்துப் பார்த்தாள். வேலை செய்த கணினியின் முகவரி 192.168.8 என்று தொடங்கியது. வேலை செய்யாததன் முகவரி 192.168.0 என்று தொடங்கியது. அதற்கு முகவரி வழங்கிய டிஎச்சிபி சேவையகம் 192.168.0.1 என்றும், வெளியேறும் வாசலும் அதுவே என்றும் காட்டியது. அந்த முகவரிக்குரியது பின்னறையிலிருந்த பழைய ரவுட்டர்.

விளக்கம் இதுதான். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினியும் தனக்கொரு முகவரி தருமாறு எல்லோரையும் பார்த்துக் கேட்கும். முகவரி கொடுக்கும் வேலை டிஎச்சிபி சேவையகத்துக்குரியது. ஒரு வீட்டில் அது ஒன்றுதான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன. பழைய ரவுட்டரை வெறும் அலை பரப்பியாகப் பொருத்திய பொடியன், பெயரையும் கடவுச்சொல்லையும் மண்டபத்து ரவுட்டரினதைப் போலவே வைத்துவிட்டு, அதன் டிஎச்சிபியை நிறுத்தாமல் போய்விட்டான். கேபிள், வீட்டுச் சாதனங்களை இணைப்பதற்கான லான் துளையிலிருந்து லான் துளைக்குச் சென்றதால் இரண்டும் ஒரே வலையமைப்பாகி, இரண்டும் எல்லாக் கணினிகளுக்கும் பதில் சொல்லின. ஒரே வாய்க்காலுக்கு இரண்டு பேர் தனித்தனியே தண்ணீர் முறை எழுதிக் கொடுத்தால் கமக்காரனுக்கு எது நேருமோ அதுவே எங்கள் கணினிகளுக்கும் நேர்ந்தது. யார் முந்திச் சொன்னாரோ அவர் சொன்னதே செல்லுபடியாகும். பழைய ரவுட்டர் முந்தினால், இணையத்துக்கு வழியில்லாத தன்னையே வாசல் என்று காட்டிவிடும். கணினி ஒருமுறை பெற்ற முகவரியை அதன் தவணை உள்ளவரை வைத்துக்கொள்வதால், கோளாறு மணிக்கணக்கில் நீடித்தது. மின்சாரத்தோடு அதற்கிருந்த தொடர்பும் இப்போது விளங்கியது: 4ஜி ரவுட்டர் சிம்மைப் படித்து, கோபுரத்தைத் தேடிப் பிடித்து எழும்பச் சற்று நேரம் எடுக்கும், பழையது அதற்குள் விழித்து, காத்திருந்த எல்லோருக்கும் தன் முகவரிகளைப் பங்கிட்டு முடித்திருக்கும்.

திருத்தும்போது ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவது முக்கியம், இல்லாவிட்டால் பழைய ரவுட்டரின் பக்கத்துக்குள் போக முடியாமல் திண்டாட நேரிடும். முதலில் இரண்டு ரவுட்டர்களுக்கும் இடையிலான கேபிளைக் கழற்ற வேண்டும். மடிக்கணினியைப் பழையதோடு கேபிளால் தனியே இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.8.2 என்று மாற்ற வேண்டும். அது மீள எழும்பியதும் புதிய முகவரியைக் கொண்டு உள்ளே போய், அதன்பிறகே டிஎச்சிபியை நிறுத்த வேண்டும். முடிவில் கேபிளை மீண்டும் லான் துளைக்கே செருக வேண்டும். வெளி இணையத்துக்கான, வான் என்று எழுதிய துளைக்கு அல்ல. எங்கள் 4ஜி ரவுட்டர் கணினிகளுக்கு 192.168.8.100 இலிருந்து மேலேதான் முகவரி கொடுக்கிறது, ஆதலால் 8.2 வேறெதனோடும் முட்டாது. வேறு ரவுட்டர் வைத்திருப்பவர்கள் தங்களுடையதன் வரம்பைப் பார்த்து எண்ணைத் தெரிவுசெய்ய வேண்டும். அப்படியே 2.4 பட்டையில் மண்டபத்து ரவுட்டரை அலைவரிசை 1இலும் பின்னறையதை 11இலும் அமர்த்தி, இரண்டின் அகலத்தையும் 20 மெகாஹேர்ட்ஸுக்குக் குறைத்தோம். அயலவரோடு மோதல் இல்லையென்றாலும் எங்கள் ரவுட்டர்கள் இரண்டும் தங்களுக்குள் மோதக் கூடாதல்லவா?

பின்னறை ரவுட்டரைத் தகரக் கூரைக்கு அடியிலிருந்து இறக்கி மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் அன்றே. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 பாகை வெப்பம் வரைக்குமே ஆக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் அந்த எல்லை சுலபமாகத் தாண்டப்படும்.

அதற்குப் பின்னர் வந்த மழைக்காலத்தில் மின்சாரம் வழமைபோலப் போய் வந்தது. “இணையம் இல்லை” என்ற அறிவிப்பு வரவில்லை. 4ஜி ரவுட்டர் எழும்பும்வரை காத்திருக்க வேண்டியது மட்டும் மிச்சம் என்பதால், ரவுட்டர்களுக்கென்றே விற்கப்படும் சிறிய 12 வோல்ற்று மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கும் யோசனை இருக்கிறது. வாங்குபவர்கள் தங்கள் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ற்றளவையும் அம்பியரளவையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. எல்லா ரவுட்டரும் 12 வோல்ற்றில் இயங்குவதில்லை, 5 வோல்ற்றிலும் 9 வோல்ற்றிலும் இயங்குபவை இருக்கின்றன. மாலை நேர நெரிசலுக்கு எங்களிடம் மருந்தில்லை. மனைவி தன் கோப்புகளை விடியற்காலையில், பாடசாலைக்கு வெளிக்கிட முன்னர் ஏற்றிவிடுகிறார். அந்த நேரத்தில் வெளிப் பிங் நாற்பது மில்லிசெக்கனைத் தாண்டுவது அரிது.