ரோக்ஃபோர்: சரிந்த மலை சோறு போடும் ஊர்

பிரான்சின் தெற்கே, அவெய்ரோன் மாவட்டத்தில், மியோ நகரத்திலிருந்து காரில் அரைமணி நேரம் போனால் ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன் வந்துவிடும். மலைச்சரிவை ஒட்டி ஒரு நீளத் தெரு, தெருவுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறை, சில நூறு பேர். திராட்சைத் தோட்டம் கிடையாது, கோதுமை வயலும் கிடையாது. பூந்தொட்டி வைத்த ஜன்னல்களையும் கல் பாவிய சந்துகளையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்; பாதிக் கட்டடங்கள் கிடங்கு மாதிரி இருக்கும். இந்த ஊரின் சொத்து முழுக்கத் தரைக்குக் கீழே இருக்கிறது: ரோக்ஃபோர் என்ற செம்மறிப்பால் நீலப்பூஞ்சை சீஸ் பதமாகும் குகைகள்.

ஊருக்கு மேலே நிற்பது கொம்பலூ என்ற மேட்டு நிலம். மேல் அடுக்கு சுண்ணாம்புக்கல், அதற்குக் கீழே களிமண் கலந்த மென்பாறை. சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தாங்காது. விரிசல் வழியாகக் கீழே விட்டுவிடும். நீர் களிமண்ணில் போய்த் தேங்க, களிமண் ஊறி வழுக்க, அதன் மேல் உட்கார்ந்திருந்த பாறை விளிம்பு உடைந்து வடக்குப் பக்கமாகச் சரிந்தது. அப்படிச் சரிந்த பாறைக் குவியல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம். பெரிய பெரிய கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து முட்டிக்கொண்டு நிற்பதால் இடையில் ஏராளமான சந்துகள். அவற்றில் சில குவியலின் மேல்பரப்பு வரை போகும். காற்று வந்துபோகும் அந்தச் சந்துகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஃப்ளூரின்.

ஃப்ளூரின் வேலை செய்யும் விதம் எளிது. வெயில் காலத்தில் வெளிக்காற்று சூடாக இருக்கும். பாறைக்குள் இருக்கும் காற்று ஈரக் கற்களைத் தொட்டுத் தொட்டுக் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கும். குகைக்குள் குளிர்ந்த ஈரக்காற்றாக வெளிவரும். குளிர்காலத்தில் உள்ளே இருப்பதுதான் வெதுவெதுப்பு. அது மேலேறி வெளியே போக, ஓட்டம் திசை மாறும். ஆண்டு முழுவதும் குகைக்குள் 8 முதல் 12 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி. சரிவு வடக்கு பார்த்தது என்பதால் வெயிலும் அதிகம் படாது. ஆனால் இது தானாக நடக்கிற மாயம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு ஃப்ளூரின் வாயிலும் கதவு உண்டு. காற்று கூடினால் சீஸின் மேல்பரப்பு காய்ந்து வெடிக்கும். குறைந்தால் ஈரம் தேங்கிப் பிசுபிசுக்கும். எந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்று தினமும் பார்த்து முடிவு செய்கிறவர்தான் குகைக்குப் பொறுப்பானவர்.

குகை என்றாலும் இயற்கையாக உண்டான பெரிய மண்டபம் எதுவும் இல்லை. பாறைக் குவியலுக்குள் தோண்டி, சந்துகளை மூடிவிடாமல் கல் வளைவுகளும் சுவர்களும் எழுப்பி, மாடி மாடியாகக் கீழே இறக்கியிருக்கிறார்கள். சீஸ் தயாரிக்கும் சொசியெத்தே நிறுவனத்தின் குகைகள் 11 அடுக்கு. தட்டுகள் ஓக் மரத்தால் ஆனவை. ஓயாத ஈரத்திலும் எளிதில் மக்காத மரம் அது. தெருவில் வீட்டு முகப்பு மாதிரித் தெரிகிற பல கட்டடங்களின் பின்சுவர் இந்தச் சரிந்த பாறைதான்.

வரலாற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் கொண்டுபோன இடையன் ஒருவன், ஒரு பெண்ணைக் கண்டு அவள் பின்னால் போய், சில வாரம் கழித்துத் திரும்பிக் குகையில் நீலப்பூசணம் பிடித்த சீஸைக் கண்டான் என்ற கதையை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கதை என்றே வைத்துக்கொள்ளலாம். ரோமானிய எழுத்தாளர் ப்ளினி இந்த சீஸைப் புகழ்ந்தார் என்றும் சொல்வார்கள். அவர் எழுதியது பக்கத்து மலைப்பகுதிகளிலிருந்து வந்த சீஸைப் பற்றி, ரோக்ஃபோர் என்ற பெயர் அதில் இல்லை. உறுதியான தடம் 11-ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது: கோங்க் மடத்தின் ஆவணங்களில் இவ்வூர்க் குகையும், காணிக்கையாக வர வேண்டிய சீஸும் குறிக்கப்படுகின்றன.

1411-இல் ஆறாம் சார்ல் மன்னர், இந்தக் குகைகளில் சீஸைப் பதப்படுத்தும் உரிமையை ரோக்ஃபோர் மக்களுக்கே என்று சாசனம் கொடுத்தார். 1666-இல் துலூஸ் நீதிமன்றம், வேறிடத்துச் சரக்கை ரோக்ஃபோர் என்று விற்பவர்களுக்குத் தண்டம் விதித்தது. போலிச்சரக்கு அப்போதே பெரிய தொல்லை. 1925 ஜூலை 26-இல் வந்த சட்டம், பிரான்சில் ஒரு சீஸுக்குக் கிடைத்த முதல் பிறப்பிடப் பாதுகாப்பு. 1961-இல் மியோ நீதிமன்றம் இன்னும் இறுக்கியது: செய்முறையைத் தென்பிரான்சில் பலர் பின்பற்றலாம், கொம்பலூவின் இயற்கைக் குகைகளில் பதமானதற்கு மட்டுமே பெயர். பலரும் கவனிக்காத விஷயம் இது. சட்டம் கோடு போட்டிருப்பது செய்முறையைச் சுற்றி மட்டுமில்லை, ஒரு பாறைக் குவியலைச் சுற்றி.

ஆகவே பால் கறப்பதும் பால்கட்டி செய்வதும் ஊரில் நடக்க வேண்டியதில்லை. அவெய்ரோனிலும் சுற்றியுள்ள மாவட்டங்களின் சில பகுதிகளிலும் பண்ணைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கோர்சிகா தீவிலும் பிரனே மலையோரத்திலும்கூட வெள்ளை சீஸ் செய்து, பதமாக்க இங்கே அனுப்பினார்கள். இன்று பால் தரும் ஆடு லக்கோன் என்ற செம்மறி இனமாக இருக்க வேண்டும். ஒரு செம்மறி நாளைக்கு இரண்டு லிட்டருக்குள்தான் கறக்கும். கறவை காலம் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து ஜூலை வரை.

மேட்டு நிலத்தின் கட்டடங்களையும் பார்த்தால்தான் ஊர் முழுமையாகப் புரியும். பக்கத்து லார்சாக் மேட்டில் ஆறும் குளமும் இல்லை. மழை பெய்ததும் தரை குடித்துவிடும். எனவே ஆடுகளுக்கு லவோன்யு என்ற வட்டக் குட்டை. பள்ளத்தில் களிமண்ணை அடித்து இறுக்கி, அதன் மேல் கல் பாவுவார்கள். கல் பாவாவிட்டால் குளம்புகள் களிமண்ணைக் கிளறி ஓட்டை போட்டு, ஒரே கோடையில் குட்டை வறண்டுவிடும். ஜாஸ் என்ற ஆட்டுக்கொட்டில் இன்னொரு சாமர்த்தியம். மேட்டில் நல்ல உத்தர மரம் கிடைக்காது. எனவே கூரையையே கல் வளைவாகக் கட்டி, மேலே தட்டையான சுண்ணாம்புக்கல் பலகைகளை அடுக்கினார்கள். பல இடங்களில் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்துத் தொட்டியில் சேர்க்க வழி உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இந்த மேட்டில் பெரிய நிலங்களை வைத்திருந்தவர்கள் டெம்ப்ளர் வீரத்துறவிகள். சாந்த்-உலாலி-த-செர்னோன், லா கூவர்த்துவாராத் என்ற இரண்டு ஊர்களிலும் அவர்கள் தடத்தை இன்றும் காணலாம். ரோக்ஃபோருக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் பாதியை இந்த மேட்டுக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

இனி செய்முறை. பால் பச்சைப்பாலாக, கொழுப்பு நீக்காததாக இருக்க வேண்டும். கறந்த 48 மணி நேரத்துக்குள் திரிய வைக்க வேண்டும். பாலை 28 முதல் 34 டிகிரிக்குள் வைத்து, நுண்ணுயிர் உறையும், பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி பூஞ்சை வித்தும் சேர்த்து, விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் திரிய வைப்பார்கள். (சைவம் பார்ப்பவர்கள் கவனிக்க: இந்த சீஸில் விலங்கு ரென்னட் கட்டாயம்.) பூஞ்சையை முன்பு ரை மாவு ரொட்டியில்தான் வளர்த்தார்கள். மேல்தோல் கருகும்படியும் உள்ளே ஈரமாகவும் சுட்டு, இரண்டு மாதம் வாக்கில் குகையில் விட்டு, நீலமான உட்பகுதியைக் காயவைத்துப் பொடித்தார்கள். இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். மற்றவர்கள் ஆய்வகத்தில் வளர்த்த திரவத்தைச் சேர்க்கிறார்கள். எப்படி வளர்த்தாலும் பூஞ்சையின் மூலம் இந்தக் குகைகளாக இருக்க வேண்டும்.

திரிந்த பாலைச் சிறு துண்டுகளாக வெட்டி, அச்சில் போட்டு, அழுத்தாமல் நீர் வடிய விடுவார்கள். இந்த ‘அழுத்தாமல்’ முக்கியம். துண்டுகளுக்கிடையே வெற்றிடம் இருந்தால்தான் பூஞ்சைக்கு மூச்சு. அழுத்திவிட்டாலோ, துண்டுகள் மிக மென்மையாக இருந்து ஒட்டிக்கொண்டாலோ உள்ளே இடமே இராது. வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக, நீலமே இல்லாமல் இருக்கும். உறையில் உள்ள சில நுண்ணுயிர்கள் வாயு உண்டாக்கி இந்த இடைவெளிகளைப் பெரிதாக்குகின்றன. அவை சோம்பினாலும் அதே குறைதான். நாளைக்குச் சில தடவை புரட்டி நீர் வடித்த பிறகு கல்லுப்பைத் தேய்ப்பார்கள், முதலில் ஒரு பக்கம், சில நாள் கழித்து மறுபக்கம். உப்பு நடுவுக்குப் போய்ச் சேரப் பல வாரம் ஆகும். வெளி ஓரத்தில் கூடிவிட்டால் அங்கே பூஞ்சை தயங்கும்; குறைந்துவிட்டால் வேண்டாத பூசணமும் கசப்பும் வரும். கடைசியில் ஊசிகளால் முப்பது நாற்பது துளை குத்துவார்கள். உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறி, குகைக் காற்று உள்ளே போகும் வழி அது. வெட்டிய சீஸில் நேர்க்கோடாக நீலம் தெரிந்தால் அது ஊசித் தடம்.

முடிந்த சீஸ் உருளை 19 முதல் 20 செ.மீ. விட்டம், 8.5 முதல் 11.5 செ.மீ. உயரம், இரண்டரை முதல் மூன்று கிலோ. அதற்குப் பன்னிரண்டு லிட்டர் பால் அளவு பிடிக்கும். குகையில் ஓக் தட்டுகளின் மேல் ஒன்றையொன்று தொடாதபடி, வட்டை நிறுத்துவது போல விளிம்பில் நிறுத்தி வைப்பார்கள். தொட்ட இடத்தில் காற்றுப் படாது, அழுகும்.

விளம்பரப் படங்களைப் பார்த்தால் மாதக் கணக்கில் குகையிலேயே கிடப்பதாகத் தோன்றும். திறந்தபடி குகையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் 14 நாள் மட்டுமே. மூன்று வாரம் போல வைப்பது வழக்கம். பிறகு வெள்ளீயத் தாளில் சுற்றிவிடுவார்கள். காற்று அடைபட்டதும் பூஞ்சையின் வளர்ச்சி நின்று, அது உண்டாக்கிய நொதிகள் மட்டும் மெதுவாக வேலை செய்யும். செய்த நாளிலிருந்து மொத்தம் 90 நாளாவது கழிந்தாக வேண்டும். சுற்றிய பிறகான காலம் குளிர் அறையில் கழியலாம். சுற்றுவதைத் தாமதித்தால் நீலம் மிஞ்சி, கொழுப்பு அளவுக்கு மீறி உடைந்து, நாக்கில் சோப்பு மாதிரி ஒரு சுவை வரும்.

இந்தச் சுற்றும் வேலை கபானியேர் எனப்படும் பெண்களுடையது. குளிர்பதனம் வருவதற்கு முந்தைய காலத்தில் அவர்கள் பாடு கடுமையானது. மங்கிய விளக்கொளியில், மரக்காலணியோடு, நாள் முழுக்கக் குளிரில் நின்று, ஒவ்வொரு சீஸின் மேலும் படரும் பூசணத்தைக் கத்தியால் திரும்பத் திரும்பச் சுரண்டுவார்கள். சுரண்டிய கழிவும் வீணாகாது, ஏழைகளின் ரொட்டிக்குத் தொடுகறியாக விற்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேய்க்கும், குத்தும் இயந்திரங்கள் வந்தன. சுற்றுலாவில் குகையின் காற்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறார்கள்; இந்தப் பெண்களைப் பற்றி ஒரு நிமிடம். விகிதம் மாற வேண்டும்.

பால் தரும் மேடு ஒருமுறை கைநழுவப் பார்த்தது. 1971-இல் லார்சாக் ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக்கப் போவதாக அரசு அறிவித்தது. நிலம் பறிபோகவிருந்த 103 விவசாயிகள் விற்க மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். 1972 அக்டோபரில் 60 ஆடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஈபிள் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். பத்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1981-இல் குடியரசுத் தலைவரான மித்தரான் திட்டத்தைக் கைவிட்டார். 1999-இல், ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்ததற்குப் பதிலடியாக அமெரிக்கா ரோக்ஃபோருக்கு 100 சதவீத வரி போட்டபோது, மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையை விவசாயத் தலைவர் ஜோசே போவே தலைமையில் பிரித்துப் போட்டவர்களில் இதே மேட்டு விவசாயிகள் இருந்தார்கள்.

போகிறவர்களுக்கு: ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் வேண்டும், படிகள் ஈரமாக இருக்கும், முழங்கால் வலி உள்ளவர்கள் அடுக்குகளைக் கணக்கில் கொள்ளவும். ஓக் தட்டுகள் நிறைந்திருப்பதைப் பார்க்க வசந்த காலம் நல்லது. இலையுதிர் காலத்தில் பல தட்டுகள் காலி. வாங்கும்போது முழுதாக வாங்காமல், வெட்டித் தரச் சொல்லி, நீலம் ஓரம் வரை பரவியிருக்கிறதா, வெள்ளைப் பகுதி தந்த நிறத்தில் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சளடித்து உலர்ந்திருந்தால் வேண்டாம். வீட்டில் வெள்ளித்தாளில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், மற்ற சீஸோடு சேர்க்காதீர்கள், பூஞ்சை தாவும். சாப்பிட ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். பச்சைப்பாலில் செய்தது என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.