முறுக்குச் சட்டியும் மூணு கோடு சிக்னலும்

கொழும்பில் நாலு பேர் கூடி நின்றால் அதில் மூணு பேர் இஞ்சினியர். அங்கே என் பட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து அரை மணி நேரம் ஏறினால் எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், வரும். மரியாதை எல்லாம் அங்கேதான். இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் யாராவது பழுதான ஒரு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதுதான் மரியாதை. நான் படித்தது மின்பொறியியல், பார்ப்பது கணினிக்கு முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் வேலை. இதை நாலு வருஷமாக அம்மாவுக்கு விளக்குகிறேன். "கரண்டு வேலைதானே தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விடுவார்.

கரண்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேல் கொத்மலை மின் திட்டத்தின் அணை தலவாக்கலை டவுனை ஒட்டியே இருக்கிறது. 150 மெகாவாட். ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் எங்கள் லயத்தில் மெழுகுவர்த்திதான். விளக்கடியில் இருட்டு என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்தக் கொத்மலை ஓயா என்ற ஆறு போய் மகாவலியில் சேர்கிறது, மகாவலி பேராதனை கேம்பஸுக்கு நடுவால் ஓடுகிறது. ஆக, எங்கள் ஊர்த் தண்ணீர் எனக்கு முந்தியே கேம்பஸ் போய்விட்டது, அதுவும் கேம்பஸ் அனுமதிக்கான இஸட் வெட்டுப்புள்ளி இல்லாமல்.

நான் போய்ச் சேர்ந்தபோது முதல் பிரச்சினை வெயில். யாழ்ப்பாணத்துப் பையன்கள் காலையில் குளிருது என்று போர்த்திக்கொண்டு வருவார்கள், நான் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது பிரச்சினை பாஷை. உயர்தரம் வரை தமிழில் படித்தவனுக்கு ஆர்முடுகல், அமர்முடுகல், கொள்ளளவி, இருவாயி என்ற பௌதிகச் சொற்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆங்கில விரிவுரைகளில் முதல் வாரமே அத்தனை பேரும் காணாமல் போய்விட்டார்கள். விரிவுரையாளர் முக்கால் மணி நேரம் 'டயோட்' பற்றிப் பேசிய பிறகுதான், அட, இது நம்ம இருவாயி என்று எனக்கு உறைத்தது. இன்றைக்கும் அவசரத்தில் மூளை இருவாயி என்றுதான் நினைக்கும், வாய்தான் டயோட் என்று சொல்லும். எனக்கென்னவோ இருவாயிதான் நல்ல பெயர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டேன். கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருடன் மீட்டிங், அதில் நான்தான் பேச வேண்டும்.

எங்கள் வீட்டு இஸ்தோப்பில் நின்றால் எதிர் மலையில் போன் டவர் கண்ணுக்குத் தெரியும். காம்பராவுக்குள் வந்தால் சிக்னல் ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போகும். பனிமூட்டம்தான் காரணம் என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். பாவம் பனி. இந்த அலைவரிசைகளுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. குற்றவாளி தலைக்கு மேலே இருக்கும் தகரக் கூரை. அதற்குத் துணையாக நடுவில் நிற்கும் சவுக்கு மரங்கள், மழையில் இலை நனைந்துவிட்டால் அவை இன்னும் மோசம். 2020இல் கேம்பஸை மூடியபோது என் இறுதி வருஷ விரிவுரைகள் பாதியை மேலே பாறையில் குடை பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். ஒரு கையில் போன், மறு கையில் குடை. காலில் ஏறும் அட்டையைத் தட்டிவிட மூன்றாவது கை இல்லை.

இந்தத் தடவை பாறைக்குப் போகக் கூடாது என்ற முடிவோடு கொழும்பிலிருந்து ஒரு வெளி அன்டனா வாங்கி வந்திருந்தேன். வியாழக்கிழமை முழுக்க அதோடு போராடினேன். திசைகாட்டி, கோணம், கம்பம் எல்லாம் பார்த்தாயிற்று. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு கோடு ஒன்றரைக் கோடு ஆனது. அரைக் கோடு என்று ஒன்று கிடையாது என்பது எனக்கும் தெரியும். செலவழித்த காசுக்கு அப்படித்தான் தெரிந்தது.

அக்கா மகன் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறான். அதுவரை வாசற்படியில் ரொட்டி சாப்பிட்டபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, நீங்க சட்டி பாவிக்கிறதில்லையா?" என்றான்.

உள்ளே போய் அம்மாவின் எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுவந்தான். அதை ஜன்னல் கம்பியில், அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன காலத்துக் கூடைக் கயிற்றால், டவரைப் பார்த்த மாதிரி கட்டினான். சட்டியின் நடுவில் இரண்டு சிரட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக டேப்பால் ஒட்டி, அதன் நுனியில் இணையம் தரும் டொங்கலை ஒட்டி, நீள வயரை என் மடிக்கணினியில் சொருகினான். மூணு கோடு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அளவுகோலை எடுத்தேன். சட்டியின் வாய் 14 அங்குலம், ஆழம் 4 அங்குலம். அந்த வளைவை ஒரு கோளத்தின் துண்டு என்று வைத்துக்கொண்டால் அதன் ஆரை 8 அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். ஆரையில் பாதிதான் அலைகள் வந்து குவியும் குவியத்தூரம், அதாவது ஏறத்தாழ 4 அங்குலம். சிரட்டை இரண்டையும் அளந்தேன். 4 அங்குலம்.

"இரண்டு சிரட்டைன்னு எப்படிடா கண்டுபிடிச்ச?"

"ஒண்ணு வச்சாலும் குறையுது, மூணு வச்சாலும் குறையுது மாமா."

அலையின் நீளத்தைப் போலப் பல மடங்கு பெரிய தட்டு இருந்தால்தான் இதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், இந்த அலையே ஆறு ஏழு அங்குலம் நீளம், 14 அங்குலச் சட்டி எந்த மூலைக்கு என்று அவனுக்கு விளக்கத் தொடங்கினேன். அவன் அதற்குள் அந்த மூணு கோட்டில் யூடியூப் பார்க்கத் தொடங்கியிருந்தான். நாலு வருஷம் படித்தது, நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்லத்தான் உதவுகிறது.

வெள்ளிக்கிழமை. குளித்து, மேலே சட்டை கீழே சாரம், சாமிப் படம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பத்து மணிக்குத் தொடங்கியது. நான் பேசிய அழகைப் பார்த்து எனக்கே சந்தோஷம். அந்தப் பக்கம் தலையாட்டுகிறார்கள். முக்கியமான படத்தைத் திரையில் போட்டு, "இப்போது பாருங்கள்" என்றேன். எதுவும் அசையவில்லை.

திரும்பினேன். ஜன்னலில் சட்டி இல்லை. இரண்டு சிரட்டைகளும் டொங்கலும் ஜன்னல் திண்டில் வரிசையாக இருந்தன. டொங்கலை முந்தானையால் துடைத்து வேறு வைத்திருந்தார். அடுப்படியில் சட்டியைத் தேய்க்கும் சத்தம்.

"அம்மா!"

"சொல்லிட்டுத்தானே தம்பி எடுத்தேன், நீதான் தலையாட்டுன."

வாடிக்கையாளருக்கு ஆட்டிய தலை. முறுக்குக்கு மாவு பிசைந்து வைத்தாயிற்று, வீட்டில் அந்த அளவில் இருப்பது ஒரே சட்டி, தீபாவளி திங்கட்கிழமை. வாதாட இடமே இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சாரத்தோடு பாறைக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது மீட்டிங்கை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். நான் வாயைத் திறந்தபடி உறைந்து நின்ற கோலத்தை ஒரு புண்ணியவான் படம் பிடித்து, அது எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக இன்றும் உலாவுகிறது.

இணைப்பு ஏன் போனது என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்டு போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்துவிட்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். நாட்டுக்கே குரங்கு காரணமாக இருக்கும்போது எனக்கு முறுக்கு காரணமாக இருக்கக் கூடாதா? இருந்தாலும் கை வரவில்லை. 'சீரற்ற வானிலை' என்று எழுதி அனுப்பினேன். மறுபடியும் பழி பனிக்கு.

தீபாவளி முடிந்து திரும்பும்போது அம்மா அலுவலகத்துக்கென்று ஒரு பை முறுக்கு கட்டிக் கொடுத்தார். மேலாளர் இரண்டு தின்று மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, இவ்வளவு மொறுமொறுப்பாக இருக்கிறதே, எப்போது சுட்டது என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை. சட்டியை எடுத்தது பத்தே காலுக்கு, சுட்டது பதினொரு மணிக்கு" என்று சொல்லிவிட்டேன்.