கார் மைக்ரோகன்ட்ரோலர்: கோருக்கு வெளியே கவனிக்க வேண்டியவை

கார் மைக்ரோகன்ட்ரோலரின் டேட்டாஷீட்டைத் திறந்தால், முதல் பக்கத்தில் கோரின் (கணக்கிடும் பகுதி) வேகம் 300 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அந்த வேகத்தில் ஒரு கிளாக் என்பது 3.3 நானோநொடி. அதே சிப்புக்குள் ப்ரோகிராமை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஒரு தடவை வாசித்துக் கொடுக்கச் சில பத்து நானோநொடி பிடிக்கும். 30 என்றே வைத்துக்கொள்வோம். கோர் ஒன்பது கிளாக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த இடைவெளியை மறைக்கத்தான் கேஷும் (வாசித்ததன் வேகமான பிரதி) ப்ரீஃபெட்ச் பஃபரும் (அடுத்ததை முன்கூட்டியே வாசித்து வைப்பது) வைத்திருக்கிறார்கள். நேராக ஓடும் கோடுக்கு அவை போதும். இன்டரப்ட் (உடனே கவனி என்ற ஹார்ட்வேர் அழைப்பு) வந்ததும் கோர் எங்கோ ஓரிடத்துக்குத் தாவுகிறது. அந்த இடம் கேஷில் இருக்கும் என்ற உறுதி இல்லை. 20 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மோட்டார் கன்ட்ரோல் லூப்புக்கு மொத்தமே 50 மைக்ரோநொடிதான் இருக்கிறது. அதில் ஒவ்வொரு சுற்றும் வேறு வேறு நேரம் எடுத்தால் சராசரி வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே கார் சிப் கைக்கு வந்ததும் முதலில் உட்கார்ந்து எழுத வேண்டியது லிங்கர் ஸ்கிரிப்ட்: எந்தக் கோடும் டேட்டாவும் எந்த நினைவகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபைல். கோரோடு நேரடியாக ஒட்டியிருக்கும் வேகமான ரேம் எல்லா நல்ல சிப்பிலும் உண்டு. என்எக்ஸ்பியின் எஸ்32கே344-இல் அதற்கு டிசிஎம் என்று பெயர். இன்ஃபினியனின் ஆரிக்ஸ் டிசி397-இல் ஆறு கோர். ஒவ்வொன்றுக்கும் ப்ரோகிராமுக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்கிராட்ச்பேட்; அந்த வேகமான ரேமுக்கு அங்கே அதுதான் பெயர். வெக்டர் டேபிள் (எந்த இன்டரப்டுக்கு எங்கே தாவுவது என்ற பட்டியல்), நேரம் தவறக் கூடாத ஐஎஸ்ஆர்கள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்கள்), கன்ட்ரோல் லூப், ஸ்டாக் இவையெல்லாம் அங்கே போக வேண்டும். போட்ட பிறகு, எது எங்கே போனது என்று லிங்கர் எழுதும் மேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்ஆர் ரேமில் இருக்கும், அது கூப்பிடும் மெம்காப்பியோ கம்பைலர் தானாகச் சேர்த்த வகுத்தல் ஃபங்ஷனோ இன்னும் ஃபிளாஷிலேயே இருக்கும். இது அடிக்கடி நடக்கும்.

அந்த ரேமில் இன்னொரு கண்ணியும் உண்டு. கார் சிப்களில் ரேமுக்கு இசிசி பாதுகாப்பு (பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் கூடுதல் பிட்டுகள்) இருக்கும். பவர் வந்தவுடன் ரேமில் குப்பை, இசிசி பிட்டிலும் குப்பை. யாராவது எழுதுவதற்கு முன் வாசித்தால் உடனே ஃபால்ட். ஒரு பைட் மட்டும் எழுதினாலும், உள்ளே அது முழு வேர்டை வாசித்து, மாற்றி, திருப்பி எழுதுகிறது. அந்த வாசிப்பிலேயே விழுந்துவிடும். ஸ்டார்ட்அப் கோடில், ஸ்டாக்கைத் தொடுவதற்கு முன்பே, ரேம் முழுவதையும் முழு அகலத்தில் எழுதி நிரப்ப வேண்டும். தூக்கத்திலிருந்து எழும்போது மட்டும், தகவல் காப்பாற்றி வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை ரேமை விட்டுவிடுங்கள். ரீசெட் காரணத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டிய இடம் இதுதான்.

லாக்ஸ்டெப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே வேலையை இரண்டு கோர்கள் செய்கின்றன. இரண்டாவது கோர் சில கிளாக் பின்தங்கி ஓடும், ஒரே மின் இடையூறு இரண்டையும் ஒரே மாதிரி கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. எஸ்32கே344-இல் இரண்டு கார்டெக்ஸ்-எம்7 இருந்தாலும் உங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரிவது ஒன்றுதான். வேகக் கணக்கில் இரண்டாகச் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட்அப் கோடு எல்லா ஜெனரல் ரெஜிஸ்டர்களையும் பூஜ்யமாக்குவதைப் பார்த்து வீண் வேலை என்று நீக்கிவிடவும் வேண்டாம். பவர் வந்ததும் இரு கோர்களின் ரெஜிஸ்டர்களிலும் வேறு வேறு மதிப்பு இருக்கலாம். அவற்றை அப்படியே ஸ்டாக்கில் தள்ளினால் ஒப்பீடு பொய்யாகக் கத்தும். உங்கள் கோடில் பிழை இருந்தால் இரு கோர்களும் ஒற்றுமையாக அதே பிழையைச் செய்யும். அதைப் பிடிப்பது லாக்ஸ்டெப்பின் வேலையே இல்லை.

இனி நெட்வொர்க். பெரும்பாலான போர்டுகளில் நாள் கணக்கில் நேரத்தைத் தின்பது, காரின் கன்ட்ரோலர்கள் பேசிக்கொள்ளும் கேன் பஸ்ஸின் வேகமான வடிவமான கேன் எஃப்டிதான், அதனால் அதில் கொஞ்சம் நிற்போம்.

மல்டிமீட்டரிலிருந்து தொடங்குங்கள். பவரை அணைத்துவிட்டு, பஸ்ஸின் இரு வயர்களான கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும்: இரு முனைகளிலும் 120 ஓம், இணையாக. 120 வந்தால் ஒரு முனை காணோம். 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். மேசை மேல் ஒரு மீட்டர் வயரில் ஒரே டெர்மினேஷனோடு 500 கிலோபிட் ஓடிவிடும், அதை நம்பாதீர்கள். டாமினன்ட் (0) நிலைக்கு டிரான்ஸீவர் (கன்ட்ரோலரைப் பஸ்ஸோடு இணைக்கும் சிப்) பஸ்ஸை இழுக்கிறது. ரெசஸிவ் (1) நிலைக்கு யாரும் இழுப்பதில்லை. ரெசிஸ்டர் வழியாகத்தான் அது திரும்ப வேண்டும். இரண்டு ரெசிஸ்டரில் ஒன்று இல்லாவிட்டால் திரும்பும் எட்ஜ் சோம்பிவிடும், 2 மெகாபிட்டில் அது பிட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும்.

அடுத்து பிட் டைமிங். கேன் பகுதிக்கு 80 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கொடுங்கள், அதையும் கிரிஸ்டலிலிருந்து எடுங்கள். உள் ஆர்சி ஆசிலேட்டர் அறை வெப்பத்தில் ஓடிக் காட்டும். வண்டியின் வெப்ப வரம்பில் நகர்ந்துவிடும். ப்ரீஸ்கேலர் (கிளாக்கை வகுக்கும் எண்) ஃப்ரேமின் மெதுவான நாமினல் பகுதி, வேகமான டேட்டா பகுதி இரண்டிலும் 1. பிட்டை அளக்கும் சிறிய அலகான டைம் குவாண்டம் ஒன்று 12.5 நானோநொடி. 500 கிலோபிட் நாமினல் பகுதிக்கு ஒரு பிட்டில் 160 குவாண்டா: சிங்க் 1, முதல் செக்மென்ட் 127, இரண்டாவது 32. பிட்டின் மதிப்பை வாசிக்கும் இடமான சாம்பிள் பாயின்ட் 128/160, அதாவது 80 சதவீதம். 2 மெகாபிட் டேட்டா பகுதிக்கு 40 குவாண்டா: 1, 31, 8. இதுவும் 80 சதவீதம். எஸ்ஜேடபிள்யூவை (ரீசிங்கில், அதாவது எட்ஜைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும்போது, ஒரு தடவையில் நகரக்கூடிய அதிகபட்ச அளவு) இரண்டாவது செக்மென்டுக்குச் சமமாக 32, 8 என்றே வைக்கலாம். பாஷ் நிறுவனத்தின் எம்_கேன் ஐபி (சிப்புக்குள் பதிக்கும் ஆயத்த கேன் கன்ட்ரோலர்) இருக்கும் சிப்களில் ரெஜிஸ்டரில் எழுதுவது ஒன்று குறைத்த மதிப்பு: 126, 31, 30, 7. இந்த ஒன்றை மறந்தால் கணக்கு லேசாகத் தவறும். மேசையில் ஓடும், வண்டியில் எப்போதாவது எரர் ஃப்ரேம் வரும்.

சாம்பிள் பாயின்ட் எல்லா நோடுகளிலும் (பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒரு நோட்) ஒன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதை எண்ணோடு பார்த்தால்தான் மறக்காது. ஃப்ரேமின் நடுவே வேகம் மாறுவது, ரெசஸிவாக இருந்தால் “வேகம் மாறு” என்று பொருள்படும் பிஆர்எஸ் பிட்டின் சாம்பிள் பாயின்டில். அனுப்பும் நோட் 80 சதவீதம், வாங்கும் நோட் 87.5 சதவீதம் என்று வையுங்கள். நாமினல் பிட் 2000 நானோநொடி. அனுப்புபவர் 1600-இல் வேகம் மாறி, டேட்டா பகுதியின் இரண்டாவது செக்மென்டான 100 நானோநொடியை ஓட்டி, 1700-இல் பிஆர்எஸ்ஸை முடித்து அடுத்த பிட்டுக்குப் போய்விடுகிறார். அந்த அடுத்த பிட் இஎஸ்ஐ, அனுப்புபவரின் எரர் நிலையைச் சொல்வது. ஆரோக்கியமான நோடில் அது டாமினன்ட். வாங்குபவர் 1750-இல்தான் சாம்பிள் எடுக்கிறார். அவர் கண்ணில் படுவது டாமினன்ட். “வேகம் மாறவில்லை” என்று புரிந்துகொண்டு பழைய வேகத்திலேயே நின்று, கொஞ்ச நேரத்தில் எரர் கொடுக்கிறார். எதிர்த் திசையில் அதே ஜோடி பெரும்பாலும் பேசிவிடும், ஏனென்றால் அங்கே எட்ஜ் தாமதமாக வருகிறது, ரீசிங்க் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. பிஆர்எஸ் இல்லாத ஃப்ரேம்கள் இரு திசையிலும் சுத்தமாகப் போகும். ஒரு திசையில் மட்டும், பிஆர்எஸ்ஸோடு மட்டும் பிழை என்றால், வயரைத் தொடுவதற்கு முன் இரண்டு நோடுகளின் சாம்பிள் பாயின்ட்டையும் ஒப்பிடுங்கள்.

5 மெகாபிட்டுக்குப் போனால் வேறொரு பிரச்சினை. பிட்டின் நீளமே 200 நானோநொடி. டிரான்ஸீவருக்குள் போய், பஸ்ஸில் ஏறி, திரும்பி ஆர்எக்ஸ் பின்னுக்கு வர 255 நானோநொடி வரை ஆகலாம். அனுப்பிய பிட் திரும்பி வருவதற்குள் அடுத்த பிட் தொடங்கிவிடுகிறது, நோட் தன் குரலையே தப்பாகக் கேட்டு பிட் எரர் என்கிறது. இதற்குத்தான் டிரான்ஸ்மிட்டர் டிலே காம்பன்சேஷன். ஹார்ட்வேர் தாமதத்தைத் தானே அளந்து, நீங்கள் கொடுக்கும் ஆஃப்செட்டைக் கூட்டி, அங்கே இரண்டாவது தடவை சாம்பிள் எடுக்கும். ஆஃப்செட் சாதாரணமாக சாம்பிள் பாயின்ட் வரையான கிளாக் எண்ணிக்கை: மேலே சொன்ன 2 மெகாபிட் அமைப்புக்கு 32, 5 மெகாபிட்டில் 1, 11, 4 என்று 16 குவாண்டா வைத்தால் 12. டேட்டா ப்ரீஸ்கேலர் 1 அல்லது 2 ஆக இருந்தால்தான் இது வேலை செய்யும். 2 மெகாபிட்டில் சாம்பிள் 400 நானோநொடியில் வருவதால் இதை இயக்காமலேயே தப்பித்துவிடலாம். அதனால்தான் வேகத்தைக் கூட்டிய அன்று “நேற்று வரை ஓடியதே” என்று எல்லோரும் திகைக்கிறார்கள். அடையாளம் எளிது: வாங்குவது எல்லாம் சரி, அனுப்புவது மட்டும் டேட்டா பகுதியில் விழும்.

ஃப்ரேம்களை வைக்கும் மெசேஜ் ரேமிலும் இரண்டு விஷயம். 64 பைட் ஃப்ரேம் ஒன்றுக்கு எம்_கேன் 72 பைட் எடுக்கும். 64 இடம் கொண்ட ஒரு ஃபிஃபோவுக்கு (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை) 4608 பைட். பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் ஹார்ட்வேர் எச்சரிக்காது, கையால் கணக்குப் போட வேண்டும். எலிமென்ட் அளவை 8 பைட்டிலேயே விட்டுவிட்டால் முதல் 8 பைட் மட்டும் சேமித்து, மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஃப்ரேமின் நீளத்தைச் சொல்லும் டிஎல்சியும் 8-க்கு மேல் நேரடி எண் அல்ல: 9 என்றால் 12 பைட், 13 என்றால் 32, 15 என்றால் 64. 10 பைட் அனுப்ப நினைத்தால் 12 பைட் ஃப்ரேம்தான் போகும், மிச்ச இரண்டில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

ஈதர்நெட் பக்கம் பார்த்தால், 100பேஸ்-டி1 ஒரே ஜோடி வயரில் 15 மீட்டர் வரை ஓடும். ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் ஸ்லேவ். இரண்டும் ஒரே வேடம் போட்டால் லிங்க் வராது, பிழைச் செய்தியும் வராது. போர்டின் ஸ்ட்ராப் ரெசிஸ்டர்தான் இதை முடிவு செய்கிறது என்பதால் ஸ்கீமேடிக்கிலேயே பார்த்துவிடுங்கள். லிங்க் வந்த பிறகு வரும் தலைவலி கேஷ். டிஎம்ஏ (கோரின் உதவியில்லாமல் டேட்டாவை நகர்த்தும் ஹார்ட்வேர்) நேராக ரேமில் எழுதுகிறது, கோர் தன் கேஷில் இருக்கும் பழைய பிரதியை வாசிக்கிறது. டிபக்கரில் நிறுத்திப் பார்த்தால் பாக்கெட் சரியாகவே தெரியலாம், ஓடவிட்டால் காணாமல் போகும். டிஸ்கிரிப்டர்களை (பஃபர் எங்கே என்று டிஎம்ஏவுக்குச் சொல்லும் குறிப்புகள்) எம்பியு (நினைவகப் பகுதிகளுக்கு விதி வைக்கும் ஹார்ட்வேர்) மூலம் கேஷ் இல்லாத பகுதியில் வைப்பதே நல்லது. பஃபர்களைக் கேஷில் வைத்து இன்வாலிடேட் செய்கிறீர்கள் (கேஷின் பழைய பிரதியைத் தூக்கி எறிகிறீர்கள்) என்றால், கார்டெக்ஸ்-எம்7-இல் கேஷ் லைன் 32 பைட். பஃபரின் தொடக்கமும் நீளமும் 32-இன் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே லைனில் ஒட்டியிருக்கும் பக்கத்து வேரியபிளின் புது மதிப்பும் சேர்ந்து அழியும். சில சிப்களில் டிஎம்ஏவுக்கு டிசிஎம் வேறு முகவரியில்தான் தெரியும், சிலவற்றில் தெரியவே தெரியாது. வேகமான ரேம் என்று பஃபரை அங்கே கொண்டுபோய் வைக்கும் முன் அதைப் பாருங்கள்.

மின்சாரப் பக்கம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் 12 வோல்ட் லைன் மோசமான நிலையில் 3 வோல்ட் வரை இறங்கும்; வண்டியின் மின்சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை அதையும் சோதிக்கச் சொல்கிறது. கன்ட்ரோலரின் 3.3 வோல்ட் எப்படியோ தாக்குப்பிடிக்கிறது, டிரான்ஸீவரின் 5 வோல்ட் விழுந்துவிடுகிறது என்று வையுங்கள். கன்ட்ரோலர் விடாமல் அனுப்புகிறது, தன் டாமினன்ட் பிட் திரும்பி வரவில்லை, ஒவ்வொரு முறையும் எரர் கவுன்டர் 8 ஏறுகிறது. 32 முயற்சியில் 255-ஐத் தாண்டி பஸ்-ஆஃப்: நோட் பஸ்ஸிலிருந்து விலகிவிடும். 500 கிலோபிட்டில் இதற்கு ஒன்றரை மில்லிநொடி போதும். மீண்டு வர 11 ரெசஸிவ் பிட்டுகள் கொண்ட தொடர் 128 முறை வர வேண்டும், குறைந்தது 2.8 மில்லிநொடி. எம்_கேனில் பஸ்-ஆஃப் ஆனதும், கன்ட்ரோலரை நிறுத்தி வைக்கும் இனிட் பிட் தானாக ஏறிவிடும். சாஃப்ட்வேர் அதை இறக்காவிட்டால் நோட் திரும்பவே திரும்பாது. ஸ்டார்ட் செய்தபின் சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் இசியுகளில் (காரின் கன்ட்ரோல் பெட்டிகள்) முதலில் தேட வேண்டிய இடம் இது. 5 வோல்ட் குறைந்தால் அனுப்புவதையே நிறுத்தி வைப்பது இன்னும் சுத்தமான வழி.

பவர் சப்ளை, டிரான்ஸீவர், வாட்ச்டாக் (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் ரீசெட் செய்யும் டைமர்) மூன்றும் ஒரே சிப்பில் இருக்கும் எஸ்பிசியைப் போட்டால், புது போர்டில் ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: கன்ட்ரோலரில் ஃபர்ம்வேர் இல்லை, வாட்ச்டாக்கை யாரும் தட்டவில்லை, எஸ்பிசி ரீசெட் பின்னை இழுத்துக்கொண்டே இருக்கும், டிபக்கர் பாதியில் அறுந்துபோகும். சிப் செத்துவிட்டது என்று கழற்றாதீர்கள். டெவலப்மென்ட் மோடுக்கான பின்னுக்கு ஸ்கீமேடிக்கிலேயே ஒரு ஜம்பர் வையுங்கள்.

கடைசியாகத் தூக்கம். தூங்கும்போது ஒரு இசியு எடுக்கலாம் என்று வழக்கமாகக் கேட்கப்படும் கரன்ட் அளவு 100 மைக்ரோஆம்பியர். ஒரே ஒரு இசியு தூங்காமல் 50 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி 25 நாளில் போய்விடும். அளக்கும்போது டிபக்கர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அது இருக்கும்வரை பல சிப்கள் உள்ளே கிளாக்கை அணைப்பதில்லை, பின்கள் வழியாகக் கரன்ட்டும் கசியும். சிப் தூங்கி உடனே எழுந்துகொண்டால் வயரிங்கைச் சந்தேகிக்கும் முன் எஸ்பிசியின் வேக்அப் ஃபிளாக் ரெஜிஸ்டரை வாசியுங்கள்: போன தடவை எழுப்பிய ஃபிளாக்கை அழிக்காமல் தூங்கச் சொன்னால் அது தூங்காது. வாசித்து, குறித்துவைத்து, அழித்து, பிறகு தூக்கக் கட்டளை. இந்த வரிசையிலேயே எழுதுங்கள், அழிப்பதற்கும் கட்டளைக்கும் நடுவே வேறு எதையும் செருகாமல்.