ஆட்டைக் கூட்டுவதற்கு முன்னால் சாவைக் குறைத்த கதை

ஆடு வளர்த்தால் லாபம் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பெருக்கல் கணக்குதான் போடுவார்கள். ஐந்து மாதச் சினை, பல நேரம் இரட்டைக் குட்டி, இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று, அப்புறம் பட்டி தானாக நிறைந்துவிடும். எங்களிடமும் அந்தக் கணக்கு இருந்தது, பட்டிதான் நிறையவில்லை.

ஆடு வைத்திருக்கும் பெண்கள் சேர்ந்து குழு ஆரம்பித்ததும் எல்லாரும் கேட்டது கடன். கடன் வாங்கி இன்னும் ஆடு பிடிக்கலாம் என்றார்கள். சாகிற பட்டியில் இன்னும் ஆட்டை விடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான், இதைப் புரியவைக்கவே நாள் ஆனது. அதனால் முதலில் ஒரு நோட்டுப் போட்டோம். எந்த வீட்டில், என்ன வயதுக் குட்டி, எந்த மாதம், எப்படிச் செத்தது, அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் போனதும் பார்த்தால், பிறந்த சில நாட்களில் போனவை ஒரு கூட்டம், பால் மறந்தபின் வெளிறி மெலிந்து போனவை இன்னொரு கூட்டம்.

முதல் கூட்டத்துக்குச் செலவே இல்லை. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால், தொப்புளில் அயோடின், ஈரமில்லாத தரை. இரட்டையில் சின்னது முட்டி மோதிப் பால் பிடிக்க முடியாது, அதை நாம்தான் காம்பில் வைத்துப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவதுதான் நிஜமான வேலை. மழைக்காலத்தில் நான்காம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் புழு ஒன்று உண்டு, ஆடு கழியாமலேயே வெளிறிப்போகும், சிலதுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். கால்நடை மருத்துவர் ஐந்து நிறம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டினார். வெயில் வெளிச்சத்தில் மேல் இமையை லேசாக அழுத்திக் கீழ் இமையை இழுத்தால் உள்சதை எட்டிப்பார்க்கும். நல்ல சிவப்பென்றால் விட்டுவிடலாம், வெளுத்திருந்தால் மருந்து. எல்லா ஆட்டுக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தால் மருந்துக்கு அசராத புழுதான் மிஞ்சும் என்றார். எங்கள் பாட்டிகள் மட்டும் அட்டையே இல்லாமல் கண்ணைப் பார்த்துச் சரியாகச் சொன்னார்கள்!

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட்டால் மூன்று வருடமாவது தாங்கும். சிக்கல் என்னவென்றால் மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கலக்கிவிட்டால் நேரம் கடத்தக் கூடாது. தனித்தனியாகப் போனால் ஒரு குப்பி பாதி வீணாகும். அதனால் ஒரே காலையில் எல்லா ஆடும் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும், மேய்ச்சலுக்கு விடாமல். குழு என்று ஒன்று இருந்ததன் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாவு குறைந்தும் கையில் காசு நிற்கவில்லை, ஏனென்றால் விற்கிற நேரத்தை நாங்கள் தீர்மானிக்கவே இல்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் என்று ஏதாவது வரும், எடை ஏறாத குட்டியைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவோம். குழுச் சேமிப்பிலிருந்து அவசரக் கடன், ஆடு விற்றதும் திருப்பிக் கட்டுவது என்று வைத்த பிறகுதான் கிடாக்குட்டி வளர்ந்து நிற்க நேரம் கிடைத்தது. தொங்கும் தராசு ஒன்றையும் வாங்கினோம். முதுகைத் தடவியே எடை சொல்லும் வியாபாரிகளுக்கு அது பிடிக்கவில்லை, ஒருவர் வருவதையே நிறுத்தினார், மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கிலோ கணக்குக்கு வந்தார்கள். உயிர் எடையில் கறி பாதிக்குப் பாதி கூடத் தேறாது என்பது இப்போது எங்களுக்கும் தெரியும், பேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோடைத் தீவனம் இன்னும் இழுபறிதான். வேலியில் அகத்தியும் சூபாபுல் என்கிற தீவன மரமும் வைத்திருக்கிறோம், ஆனால் சூபாபுல்லை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்தால் முடி கொட்டும், வேறு தொல்லையும் வரும். பொதுக் கிடாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று முடிவாகிவிட்டது, அதுவரை யார் வீட்டில் தின்பது என்பதில்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை.