கிட்டார் தரவரிசையில் எதை அளக்கிறோம்?

அமெரிக்க இசை இதழான ரோலிங் ஸ்டோன் 2003இல் 100 கிட்டார் கலைஞர்களை வரிசைப்படுத்தியது, 2023இல் 250 பேரை. இரண்டிலும் முதலிடம் ராக் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் விரல் நகத்தாலேயே அரங்கை நிரப்பிய ஸ்பானிய கிளாசிக்கல் கலைஞர் செகோவியாவையும், ஆம்ப் ஒலி தந்திக்கே திரும்பி எழுப்பும் ஊளையான ஃபீட்பேக்கையே இசையாக்கிய ஹெண்ட்ரிக்ஸையும் எந்த அளவுகோலால் அளப்பது என்பதுதான் என் கேள்வி.

வேகத்தை வைத்து அளக்கவே கூடாது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றிவிட்டால் மெல்லத் தொட்ட சுரமும் ஓங்கி அடித்ததும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் வரும். அதே ஓட்டத்தை அக்கூஸ்டிக்கில் வாசித்தால் பாதி சுரங்கள் காதில் விழாது. தந்தியின் தடிமனும் கணக்கில் வர வேண்டும். வழக்கமான எலெக்ட்ரிக்கில் 9 கேஜ் (0.009 அங்குலத் தடிமன்) கொண்ட, மிக மெல்லிய முதல் தந்தியின் இழுவிசை சுமார் 6 கிலோ. ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் போட்டது 13 கேஜ். அரைச் சுரம் (கிட்டார் கழுத்தில் ஒரு ஃபிரெட், அதாவது ஒரு உலோகப் படி) இறக்கி வைத்தும் அது 11 கிலோவைத் தாண்டும். அதைப் பக்கவாட்டில் இழுத்து ஒரு முழுச் சுரம் ஏற்றுவது வேறு உழைப்பு.

நம் ஊர்க் காதுக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, இன்னொரு சோதனை. தந்தியை இழுத்தால் சுரம் ஏற மட்டுமே செய்யும். இறங்க வேண்டுமென்றால் முன்கூட்டியே இழுத்துப் பிடித்து மீட்டி, பிறகு தளர்த்த வேண்டும். இல்லையென்றால் சறுக்க வேண்டும். சறுக்கினால் ஃபிரெட் படிகள் கேட்கும். தோடி காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடுவது, அதாவது நான்கு அரைச் சுரங்களின் தூரம். ஒரே இழுப்பில் அதைத் தொட்டுத் திரும்புவது மிகக் கடினம். இந்திய இசைக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டது இதற்காகத்தான். விரல் மரத்தில் உரசாததால் இழுப்பு எளிது, ஆனால் அழுத்தம் சற்றுக் கூடினாலே சுருதி ஏறிவிடும். சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தவர்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பட்டியல் போட்டால் வரிசை தலைகீழாகும். அப்படி ஒரு வேலைக்கு ஒரு பட்டியல் போடுவதைத்தான் நான் ஏற்பேன்.

அதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுகளில் வாசித்தவர்களின் பெயர் அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளிலும் கேசட் அட்டைகளிலும் அச்சானது அரிது. இளையராஜா குழுவின் கிட்டார் கலைஞர் சதானந்தத்தைத் தெரிந்த அளவுக்குக்கூட மற்றவர்களை நமக்குத் தெரியாது. ஏ.ஆர்.ரஹ்மான் ஆல்பங்களில்தான் வாசித்தவர்களின் பெயரைத் தேடிப் படிக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. அதற்கு முந்தைய பாட்டுகளில் எந்தக் கிட்டார் யாருடையது என்பதை அன்று உடன் வாசித்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.